சென்சாரைக் கழற்றும் முன்

டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிய ஆரம்பித்ததும் பல வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது. வண்டி பட்டறைக்குப் போகும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார் மெக்கானிக். சில ஆயிரம் ரூபாய் கைமாறும். பதினைந்து நாளில் அதே விளக்கு மறுபடி எரியும். இந்த முறை வேறொரு சென்சாரின் பெயர் சொல்லப்படும்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் கோளாறு. திரையில் 'பி 0171' என்று வந்தால், எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது ஆக்ஸிஜன் சென்சார். ஓலை கொண்டுவந்த தூதனைத் தண்டிப்பதுபோல அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால், புதியதும் அதே செய்தியைத்தான் சொல்லும்.

எது உண்மையில் பழுது என்பதைக் காரின் சொந்தக்காரரே வீட்டு வாசலில் வைத்துக் கண்டுபிடிக்க முடியும். வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் 'கோடு' (ஸ்கேனர் காட்டும் பி 0171 போன்ற கோளாறுக் குறியீடு), பிறகு ஓடும் எஞ்சினின் எண்கள், அதன்பின் ஒயரும் கனெக்டரும், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சென்சார். இங்கே சொல்லப்படுவது பெட்ரோல் கார்களுக்கானது. டீசல் காமன் ரெயில் குழாய்களில் அழுத்தம் 2000 பார் வரை போகக்கூடும். அங்கே ஒரு நட்டைத் தளர்த்தினாலே டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதை வீட்டில் தொடவே கூடாது.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், காரின் கோளாறுப் பதிவுகளைப் படிக்கும் ஒரு ஓபிடி அடாப்டர், ஒரு டப்பா கான்டாக்ட் கிளீனர். இவ்வளவுதான். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் முதல் இரண்டும் ஒரே நடையில் கிடைத்துவிடும். அடாப்டரில் 'இ.எல்.எம். 327' என்று போட்டிருக்கும். புளூடூத் வழியாக செல்போனோடு பேசும். 'டார்க்', 'கார் ஸ்கேனர்' போன்ற செயலிகள் அது அனுப்பும் எண்களைத் திரையில் காட்டும். மிக மலிவான போலி அடாப்டர்கள் சில கார்களோடு பேச மறுக்கும் என்பதால் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குவது நல்லது.

அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதலே இந்த ஓபிடி 2 ஏற்பாடு கட்டாயம். இந்தியாவில் பிஎஸ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் அது வந்தது. அதற்குப் பிந்தைய கார் என்றால், ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கத்தில், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி அடாப்டரைச் செருகினால் போதும்.

வேலை தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். மோதிரம், கைச்சங்கிலி, தொங்கும் துப்பட்டா எதுவும் கூடாது. எஞ்சின் அணைந்திருந்தாலும் சாவி ஆனில் இருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு ஒயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. இரண்டின் பக்கமும் மீட்டரைக் கொண்டுபோகக் கூடாது. வாரண்டி முடியாத கார் என்றால் கோடைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்கே போய்விடலாம். இன்னொன்று: செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கருக்கிவிடும். அந்த நிலையில் வண்டியை ஓரங்கட்ட வேண்டுமே தவிர, "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டக்கூடாது.

கோடை அழிக்காதே, எழுதி வை

செயலியைத் திறந்ததும் 'கிளியர்' பொத்தான் கண்ணில் படும். விரல் அங்கேதான் போகும். அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் தடயமும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு கோடோடும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு பதிவு இருக்கும். கோளாறு தோன்றிய நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை ஆர்பிஎம், வண்டி என்ன வேகத்தில் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

கோடின் முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும். 'பி' (P) என்றால் எஞ்சினும் கியரும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு, அதன் பொருளை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில்தான் தேட வேண்டும். விளக்கத்தில் 'சர்க்யூட்' என்ற சொல் இருக்கிறதா என்று கவனிப்பது மிக முக்கியம். இருந்தால், ஒயர், கனெக்டர், எர்த், சென்சார் நான்குமே சந்தேகத்துக்கு உரியவை. இல்லாமல் 'லீன்', 'ரிச்', 'எஃபிஷியன்சி' என்று இருந்தால், சென்சார் வேறெங்கோ நடக்கும் தப்பைச் சொல்லிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே நேரத்தில் தொடர்பில்லாத நாலைந்து கோடுகள் வந்தால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. டெர்மினல் தளர்ந்திருந்தாலோ, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலோ எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ குழம்பிப்போய் எல்லாச் சென்சார் மீதும் பழி போடும். பல சென்சார்களுக்கு இசியூ ஒரே 5 வோல்ட் லைனைப் பகிர்ந்து தருகிறது. அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். அப்போது ஒவ்வொரு சென்சாராகப் பிடுங்கிப் பார்த்து, எதைப் பிடுங்கும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ அதுவே குற்றவாளி என்று முடிவு செய்யலாம்.

ஒயரும் களிம்பும்

தமிழ்நாட்டுக் கார்களில் சென்சாரைவிட ஒயர்தான் அதிகம் சாகிறது என்று துணிந்து சொல்லலாம். கடலோரத்தில் உப்புக்காற்று. மழைக்காலத்தில் சூடு தேடி பானெட்டுக்குள் குடியேறும் எலி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்த கனெக்டர் உடனே பழுதாகாது. உள்ளே பச்சைக் களிம்பு மெல்லப் பூத்து, மாதங்கள் கழித்து ஒருநாள் கோடாக வெளிவரும். பழைய கார் வாங்குபவர்கள் இதை மறக்கக்கூடாது.

சோதிக்கும் முறை எளிது. சாவியை அணைத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய சென்சாரின் கனெக்டரை அதன் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே பின் வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும். பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, திரையில் அந்தச் சென்சாரின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இன்னொருவர் ஒயரை மெல்ல அசைக்க வேண்டும். அசைக்கும்போது எண் துள்ளினால் சென்சார் வாங்கப் போக வேண்டியதில்லை.

மீட்டர் முனையால் ஒயரின் தோலைக் குத்திப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. குத்திய துளை வழியே ஈரம் ஏறி, அடுத்த மழைக்கு அங்கேயே ஒயர் அறுந்துபோகும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளப்பதே சரி. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் எஞ்சின் சூட்டில் பசை இளகிவிடும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் ஒயர் மட்டும் விதிவிலக்கு. பல ஆக்ஸிஜன் சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த ஒயரின் இழைகள் வழியாகவே உள்ளிழுக்கின்றன. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும் என்பதால் அங்கே கிரிம்ப் செய்வதே முறை.

கூலண்ட் சென்சார்: காலையில் ஒரு பரீட்சை

முதன்முதலாகச் செய்துபார்க்க ஏற்றது இது. காலையில் வண்டி சுத்தமாக ஆறியிருக்கும்போது சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். இரண்டும் வெளி வெப்பநிலையை ஒட்டி, ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னைக் காலையில் காற்று 29 டிகிரி காட்டும்போது கூலண்ட் 60 காட்டினாலோ 5 காட்டினாலோ எங்கோ தப்பு நடக்கிறது. மைனஸ் 40 காட்டினால் இன்னும் தெளிவு: சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. அதற்குரிய கோடு பி 0118. அப்படிப்பட்ட வண்டி, எஞ்சின் உறைபனியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். மைலேஜ் விழும், கரும்புகை வரும், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும்.

இப்போது சென்சாரா, ஒயரா? கனெக்டரைக் கழற்றி, ஒயர்ப் பக்கத்தின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். திரையில் மைனஸ் 40 இருந்த இடத்தில் எண் 130 டிகிரிக்கு மேல் எகிறினால் ஒயரும் இசியூவும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. எண் அசையாமல் நின்றால் புதுச் சென்சார் வாங்குவது வீண்செலவு, ஒயரைத் தேட வேண்டும். இந்தக் கம்பி வேலை இரண்டு ஒயர் மட்டுமே உள்ள வெப்பநிலைச் சென்சாருக்குத்தான். மூன்று ஒயர் உள்ளதில் செய்தால் 5 வோல்ட் லைனை எர்த்தோடு முட்டவிட்டதாகிவிடும்.

சென்சாரையே ஓமில் அளந்தும் பார்க்கலாம். பெரும்பாலான கார்களில் இது சூடு ஏற ஏறத் தடை குறையும் வகை. பரவலாகப் புழங்கும் வகைகளில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேல் காட்டும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் முனையைத் தொங்கவிட்டு, சமையலறைத் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டால் எண் சீராக இறங்குகிறதா என்று தெரியும். கழற்றுவது எஞ்சின் ஆறிய பிறகுதான். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சிந்திய கூலண்டை உடனே துடைத்துக் கழுவ வேண்டும். நாயும் பூனையும் அதை நக்கிவிடலாம், அது விஷம்.

அழுத்தம் அளக்கும் சென்சார்

சிறு பெட்ரோல் கார்கள் பலவற்றில் இன்டேக் குழாயின் மேல் ஒரு மேப் சென்சார் உட்கார்ந்திருக்கும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று இசியூ கணக்கிடுவது இதை வைத்துத்தான். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். இந்த நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏறக்குறைய 101 கிலோ பாஸ்கல். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 77 அளவில். மலையேறிய வண்டியில் எண் குறைந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வானிலை அறிக்கையில் வரும் அழுத்தத்தோடு ஒப்பிடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட எண். சமவெளியில் பொருந்தும், மலையில் பொருந்தாது.

எஞ்சினை ஓடவிட்டால் சூடான ஐடிலில் எண் 30, 40 அளவுக்கு விழ வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் அதே வேகத்தில் ஏற வேண்டும். மந்தமாக ஏறினால் சென்சாரின் துளையில் கரி படிந்திருக்கலாம். கழற்றி, எலக்ட்ரானிக் பாகங்களுக்கான கிளீனரை லேசாக அடித்து, கம்பியோ பஞ்சோ நுழைக்காமல் காயவிட்டு மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.

ஆக்ஸிஜன் சென்சாரும் ஃபியூயல் ட்ரிம்மும்

அநியாயமாக அதிகம் மாற்றப்படுவது இதுதான். பாஷ் உருவாக்கி, 1976ல் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்த இந்தச் சென்சார், புகையில் எஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கிறது. பழைய வகை என்றால், சூடான எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் வைத்துப் பார்க்கும்போது கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம். ஆனால் தீர்ப்பு சொல்லும் முன் ஒரு சோதனை உண்டு. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விட வேண்டும். மிதிக்கும்போது 0.8க்கு மேல் போய், விடும்போது 0.1க்குக் கீழே விழுந்தால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் வைட்பேண்ட் வகை இருக்கும். அதற்கு இந்த எண்கள் பொருந்தாது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது அசையாமல் நிற்பதே ஆரோக்கியம்.

உண்மையான துப்பு ஃபியூயல் ட்ரிம்மில் இருக்கிறது. இசியூ தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது என்பதே அந்த எண். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி, பிளஸ் மைனஸ் 10க்குள் இருந்தால் கவலையில்லை. பி 0171 வந்த ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஐடிலில் பிளஸ் 22, ஆனால் 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 4. இது பெரும்பாலும் காற்றுக் கசிவு. ஐடிலில் எஞ்சின் உறிஞ்சும் காற்று கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரிகிறது. வேகம் கூடும்போது கசிவு மொத்தத்தில் கரைந்துபோகிறது. வெடித்த வாக்குவம் குழாய், தளர்ந்த கிளாம்ப், காய்ந்துபோன இன்டேக் கேஸ்கெட் ஆகியவற்றைத் தேட வேண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் பக்கம் நகர்த்தினால் 'உஸ்' சத்தம் கேட்கும். கிளீனர் ஸ்பிரே அடித்துக் கசிவு தேடுவார்கள் சிலர். சூடான எஞ்சின் மேல் அது தீப்பிடிக்கும், வேண்டாம்.

மாறாக, ஐடிலில் நன்றாக இருந்து, சுமை ஏற ஏற பிளஸ் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று போக வேண்டும். பழைய கார் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு மாறும்போதும் ட்ரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நகரும். எத்தனாலே ஆக்ஸிஜனைச் சுமந்து வருவதால் அது இயல்பு. ஏற்கெனவே சிறு கசிவு இருந்த காரில் அந்தச் சில சதவீதமே விளக்கை எரியவைக்கப் போதுமானதாகிவிடலாம்.

பி 0135 வேறு கதை. அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சுற்று. முதலில் ஃபியூஸ். பிறகு கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு இடையே அளந்தால் சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்ட வேண்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். பக்கத்தில் கேஸ்கெட் வேலை செய்தவர் சாதாரண சிலிக்கான் பசை பூசியிருந்தால் அதன் ஆவியே புதுச் சென்சாரையும் கொன்றுவிடும்.

திருகிச் சரிசெய்யக்கூடியவை

சென்சாரை 'அட்ஜஸ்ட்' செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் நிறைய. இன்றைய கார்களில் அநேகமாக முடியாது. கேபிளால் இயங்கும் பழைய த்ராட்டில் பாடியில் மட்டும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் ஸ்க்ரூ துளைகள் நீள்வட்டமாக இருக்கலாம். அப்படி இருந்தால், த்ராட்டில் முழுக்க மூடியிருக்கும்போது சிக்னல் ஒயரில் சர்வீஸ் புத்தகம் சொல்லும் வோல்டேஜ் வருமாறு லேசாகத் திருப்பி இறுக்கலாம். பொதுவாக அது அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும். பிறகு மிதியை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் எண் இடையில் துள்ளாமல் 4.5 வரை ஏற வேண்டும். இடையில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது, திருகிப் பயனில்லை.

எலக்ட்ரானிக் த்ராட்டிலில் சாவி ஆன் நிலையில் தட்டை விரலால் தள்ளக் கூடாது. மோட்டார் படீரென்று மூடி விரலை நசுக்கிவிடும். சுத்தம் செய்தபின் ஐடில் ஏறி இறங்கினால், இசியூவுக்கு மூடிய நிலையை மறுபடி கற்றுக்கொடுக்கும் 'ரீலேர்ன்' முறை அந்தந்த மாடலுக்கு இருக்கும்.

எஞ்சின் சுழல்வதை இசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் குணம் தனி. ஜிஎஸ்டி சாலை வெயிலில் நன்றாக ஓடிய வண்டி திடீரென்று அணையும். அரைமணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட் செய்ய முயலும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசையாவிட்டால் பி 0335 வருவதற்கு முன்பே இதைச் சந்தேகிக்கலாம். கழற்றினால் காந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். துடைத்து மாட்டியும் கோளாறு திரும்பினால் மாற்றுவதில் தயக்கம் கூடாது. நெடுஞ்சாலையின் நடுவே வண்டியை நிறுத்தும் சென்சார் இது.

வாங்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை புதுப்பேட்டையில் பழைய சென்சார் கால் விலைக்குக் கிடைக்கும். ஆக்ஸிஜன், கிராங்க் சென்சார்களை அங்கே வாங்காமல் இருப்பதே நல்லது. எவ்வளவு தேய்ந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆனால் உடைந்த கனெக்டருக்கு மாற்றாக, உடைத்த காரிலிருந்து ஒயர் வாலோடு வெட்டியெடுத்த கனெக்டர் வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

வேலை முடிந்ததும் இப்போது கோடை அழிக்கலாம். அழித்தவுடன் இசியூ கற்றுவைத்த ட்ரிம் எண்களும் பல கார்களில் போய்விடும் என்பதால் சில நாள் ஐடில் கொஞ்சம் தள்ளாடலாம். நகரத்துக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓட்டிவிட்டு, செயலியில் 'ரெடினெஸ்' பக்கத்தைப் பார்க்க வேண்டும். சோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் காட்டினால் 'பெண்டிங்' பகுதியைத் திறக்க வேண்டும். விளக்கு எரிவதற்கு முன்பே அரைகுறையாகப் பதிவான கோடுகள் அங்கேதான் இருக்கும். அதுவும் காலி என்றால், காலைக் கூலண்ட் எண், சாவி ஆன் அழுத்தம், ஐடில் அழுத்தம், ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் ட்ரிம், பேட்டரி வோல்டேஜ் ஆகிய ஆறு எண்களையும் தேதி போட்டுக் காரின் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை விளக்கு எரியும்போது, அந்தக் கார் நலமாக இருந்தபோது என்ன காட்டியது என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறெந்தப் புத்தகத்திலும் கிடைக்காத எண்கள் அவை.